பாதி ஏரியில் திருப்பிய படகு

படகில் ஏறுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எழுந்து நிற்காதீர்கள். சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதா என்று அடித்துக்கொள்கிற ஜனம், படகில் ஏறினால் மட்டும் ஏன் நிற்கத் துடிக்கிறதோ, அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

நான் தண்ணீரில் பிறந்தவன் இல்லை. சொந்த ஊர் வரதய்யபாளையம். நெல் மிஷினில் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பும் முதலாளி ஒருவர், கிளிஞ்சல் தோணிகளை இழுத்து வர ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கினார். எஞ்சின் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின் அது. மிஷினில் எஞ்சின் நின்றால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்காரலாம், டீ கூடக் குடிக்கலாம். ஏரி நடுவில் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். அதற்கப்புறம் ஸ்பானரும் கிடையாது, டீயும் கிடையாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, முழங்காலில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஏரிக்கு நடுவே இருக்கும் தீவில் பெண் எடுத்ததும் அந்தப் படகினால்தான். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், தீவில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தார். நல்ல மனுஷர், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. ஊரைக் கூட்டிக் கூரை போட்டுத் தீவில் பள்ளிக்கூடம் வரவழைத்தவர் அவர்தான். 'பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு படிப்பு' என்று ஊரே கேட்டபோது தன் மகளைத்தான் முதலில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். எல்லாம் தமிழ்ப் படிப்பு.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை எது என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. டீக்கடைக்கு டீக்கடை சித்தூர் யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று நாடு பிரித்துக்கொடுத்தார்கள். தீவில் அந்தப் பேச்சே இல்லை. தீவு ஆந்திராவுக்குப் போய்விட்டால் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்னாகும் என்பது ஒன்றுதான் அவர்கள் கவலை. தெலுங்கு எங்களுக்குப் பகையாளி இல்லை. சந்தைக்குப் போனால் பாதிப் பேச்சு தெலுங்கு, கடன் கேட்பதும் சண்டை போடுவதும் தெலுங்கில்தான். ஆனால் தமிழில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்ட பெண்பிள்ளைகளை மறுபடி வேறு எழுத்தில் அடியிலிருந்து தொடங்கச் சொன்னால், 'படிச்சது போதும், வீட்டோட இரு' என்று சொல்லிவிடுவார்கள். இது மச்சானுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த சமயம் பார்த்து, எல்லை விசாரிக்கிற அதிகாரி ஒருவர் ஏரியின் மேற்குக் கரையில் ஒரு பங்களாவில் கேம்ப் போடுகிறார், மத்தியானம் வரைக்கும் இருப்பார், யார் வேண்டுமானாலும் நேரில் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். மச்சான் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கல்யாணக் களை. முதலாளியிடம் கெஞ்சி ஒருநாளைக்குப் படகைக் கேட்டு வாங்கினேன். ஊரிலிருந்து பேசத் தெரிந்த சிலபேரும் மணியக்காரரும் வருவதாகப் பேச்சு. மகளையும் கூட்டிப்போகிறேன் என்றார் மச்சான்.

"அது இன்னாத்துக்கு மச்சான்?" என்றேன்.

"தொரை முன்னாடி படிச்சிக் காட்டட்டும். நான் ஆயிரம் சொன்னாலும் அவ படிக்கிறத கேட்டாத்தான் அவருக்குப் புரியும்."

சரியான பேச்சு.

ஐப்பசி மாதம். காலையில் ஏரியைப் பார்த்தேன், பிடிக்கவில்லை. வடகிழக்கே வானம் கருத்துக்கொண்டு கிடந்தது. "இப்பவே கெளம்பினா காத்து ஏறத்துக்குள்ள போய் சேந்துடலாம்" என்றேன். கேட்டால்தானே! மணியக்காரர் ராகுகாலம் என்றார். நல்ல காரியத்துக்குப் போகும்போது ராகுகாலத்தில் கால் வைப்பதா என்று எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். காற்றுக்கு ராகுகாலம் தெரியுமா, குளிகை தெரியுமா? நான் கரையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுந்து வரும்போது ஏரியில் அலைகளின் வெள்ளைத் தலைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

கனத்த ஆட்களை நடுவில் தரையில் உட்காரவைத்தேன். ஓரப் பலகையில் யாரும் குந்தக்கூடாது, தண்ணீர் இறைக்கும் டின்னைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், என்ன நடந்தாலும் எழுந்திருக்காதீர்கள் என்றேன். "நெல் மூட்டை அடுக்கற மாதிரியே அடுக்கறான்டா" என்று மணியக்காரர் சிரித்தார். நெல் மூட்டையாவது வைத்த இடத்தில் இருக்கும். மச்சான் மகள் என் காலடியில் எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். பாடப்புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

காற்று முதுகில் அடித்தது. பார்க்கிறவர்களுக்கு அது சௌகரியமாகத்தான் தெரியும், 'காத்தே தள்ளிக்கினு போவுதே' என்று சந்தோஷப்படுவார்கள். பின்னால் வரும் அலைதான் பொல்லாதது. பின்புறத்தைத் தூக்கி, மூக்கைத் தண்ணீரில் அமுக்கி, படகைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். எஞ்சினை அடக்கி, ஒவ்வொரு அலையும் அடியில் ஓடிப்போக விட்டு, சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அந்த ஏரி ஆழமில்லாத ஏரி. அலை குட்டைதான், ஆனால் மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். எதிர்த்த வீட்டுக்காரி சண்டை மாதிரி.

பாதி ஏரி தாண்டியிருப்போம். மேற்கே மேகம் கொஞ்சம் விலகியது. மலை தெரிந்தது.

எங்கள் பக்கத்து ஜனத்துக்கு மலை தெரிந்துவிட்டால் போதும். உட்கார்ந்தபடியே சாமியைக் கும்பிடுவது மரியாதைக் குறைவு என்று எண்ணம். பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டும் என்று திருமலைக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்த்திருந்த மச்சான்தான் முதலில் எழுந்தார். "கோவிந்தா!" என்றார். அவ்வளவுதான். மொத்தப் படகும் "கோவிந்தா, கோவிந்தா" என்று எழுந்து, கை கூப்பி, மலை நன்றாகத் தெரிகிற ஒரே பக்கத்துக்குச் சாய்ந்தது. அது ஏழுமலையும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கிற மலை. நான் தினமும் பல் துலக்கும்போது பார்த்து வளர்ந்த மலை!

"குந்துங்கடா! குந்துங்க!" என்று கத்தினேன். என் கத்தல் கோவிந்தாவில் முழுகிப்போனது. சாய்ந்த பக்கம் தண்ணீரைத் தொட்டது, பின்னால் வந்த அலை அப்படியே உள்ளே ஏறியது. எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எஞ்சின் பெட்டிக்குள் தண்ணீர் போய் எஞ்சின் இருமியது. ஒரு இருமல், இரண்டு இருமல். சாக்கால் பெட்டியைப் பொத்தி, த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி எப்படியோ பிடித்து நிறுத்தினேன். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் யாரும் சொல்லாமலே டின்னை எடுத்து இறைக்க ஆரம்பித்தாள்.

முன்னால் பார்த்தேன். மேற்குக் கரையோரம் முழுக்க வலை கட்டிய மூங்கில் கழிகள். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான், அலை புரண்டு உடைகிற இடம். முக்கால் உயிரில் ஓடுகிற எஞ்சினோடு அதற்குள் போய், படகைத் தள்ளுகிற அடி விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. படகின் முகத்தைக் காற்றுக்குக் காட்டினால் மெதுவாகத்தான் போகும், ஆனால் தாங்கும். இரண்டு பெரிய அலை போகட்டும் என்று காத்திருந்து, அடுத்து வந்த சின்ன இடைவெளியில் ஒரே திருப்பாகத் திருப்பினேன்.

"மாப்ள, எங்க திருப்பற?"

"ஊருக்கு."

"ஊருக்கா? தொரை மத்தியானத்துக்கு மேல இருக்க மாட்டாரு, தெரியுமில்ல?"

"தெரியும் மச்சான். அங்க பாரு, கழியா நட்டு வெச்சிக்கீறாங்க. வலை சுத்திக்கினா எஞ்சின் நின்னுபூடும். அப்புறம் தொரை கிட்ட இல்ல, எமன் கிட்டதான் போய் சொல்லணும்."

"இதோ தெரியுது கரை! உன் உசுருக்கு பயந்துக்கினு ஊர் பொழப்ப கெடுக்காத!"

"ஆமா, பயந்துக்கினுதான்! எழுந்து நின்னு கோவிந்தா போட்டியே, அப்ப எங்க போச்சி உன் புத்தி? உன் பொண்ண பாரு, அவ ஒருத்திதான் தண்ணி எறைக்கிறா. குந்து கீழ!"

பெண் கொடுத்த வீட்டு மூத்தவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்தார். திரும்பும் வழி முழுக்க என்னைப் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கரை சிறிது சிறிதாகப் பின்னால் போனது.

தீவில் இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மாக்னெட்டோவைக் கழற்றித் துடைத்து அடுப்பருகே காயவைத்துக்கொண்டிருந்தேன். வெளியே எட்டிப்பார்த்தால், அட பாவி வானமே, வெயில்! காற்று ஓய்ந்து, ஏரி கழுவிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி கிடந்தது. எனக்கே அழுகை வந்தது. எஞ்சினை மாட்டிக் கிளப்பி, மறுபடி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓடினேன். பங்களாவில் வாட்ச்மேன் நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிபோயாரு" என்றார். போய்விட்டார்கள்.

அதோடு விட்டதா? வடக்கே இருந்த குப்பத்துக்காரர்கள் அதே காற்றில் பாய்ப்படகில் வந்து சொட்டச் சொட்ட நனைந்தபடி துரை முன்னால் பேசிவிட்டுப் போனார்கள் என்று அந்த வாட்ச்மேனே சொன்னார். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"பாய் கட்டினவன் வந்துட்டான். மோட்டார் வெச்சினு கீற நீ வரல."

பாய்ப்படகு தட்டை அடி, அதற்கு விசிறி கிடையாது, வலைமேல் வழுக்கிக்கொண்டு போகும், காற்று பின்னால் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம் என்று நான் விளக்க விளக்க, என் காதுக்கே அது சால்ஜாப்பாகக் கேட்டது. மூழ்கியிருந்தால் நான் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். மூழ்காமல் காப்பாற்றியதற்கு எங்கே போய் சாட்சி தேடுவது? நடக்காமல் போனதை எப்படிக் காட்டுவது? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "நீ செஞ்சது சரிதான். ஆனா எங்க அண்ணன் எதிர்ல அத சொல்லிக்கினு நிக்காத" என்றாள்.

பிறகு கோடு போட்டார்கள். எங்கள் ஊர் ஆந்திரா. தீவு ஆந்திரா. துரை முன்னால் பேசிவிட்டுப் போன அந்தக் குப்பமும் ஆந்திராதான்! செய்தி கேட்டதும் எனக்கு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு நிம்மதி. நேராக மச்சானிடம் போனேன். "பாத்தியா மச்சான், பேசினவனுக்கும் அதே கதிதான்" என்றேன்.

அவர் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அவங்க சொன்னாங்க, நடக்கல. நாங்க சொல்லவே இல்ல" என்றார்.

கொஞ்ச காலம் கழித்துத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தார். திருப்பதியில் படித்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவரைக் கொண்டுபோய் விடும் வேலை என் தலையில்தான் விழுந்தது. ஏரியில் அலையே இல்லை. ஆனாலும் நான் காட்டிய இடத்தில் டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்துவந்தார். அவர்மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

கரையில் மச்சான் வந்து அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, டிரங்குப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மகள் இறால் கூடையோடு நின்றாள், கையெல்லாம் இறால் தோல். வாத்தியார் சிரித்த முகத்தோடு, எந்த வகுப்பு அம்மா என்று தெலுங்கில் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். "சதுவு மானேசிந்தி சார்" என்றார் மச்சான். படிப்பை விட்டுவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவள் மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றாக வளர்ந்திருந்தாள்.

"அன்னிக்கி போயிருக்கலாம் மாமா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போயிருந்தால் இதைச் சொல்ல நீ இருந்திருக்க மாட்டாயடி என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினேன்.