கடையவே எழுதித் தாரேன்

ஐம்பத்திரண்டு வயது வரை நைட்டியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாதவன் நான். அடுத்த ஆறு மாதம் நைட்டியைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. எழுதியது எதுவும் அச்சில் வரவில்லை, முப்பது நொடி ரீலில் வந்தது.

கடை என் மனைவியுடையது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு ஒற்றை ஷட்டர். முன்னால் கடை, பின்னால் மூன்று தையல் மிஷின். பதினோரு வருஷமாக அவளே துணி எடுத்து, அவளே வெட்டி, தைப்பதற்கு இரண்டு பெண்களை வைத்து நடத்தினாள். நான் பஞ்சாலை ஆபீஸில் கிளார்க். ஆலையில் முதலில் ஷிப்ட் குறைந்தது, பிறகு நான் குறைந்தேன். அதற்கப்புறம் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாவல் படிப்பதே என் உத்தியோகம்.

"அந்த எடத்துல ஒரு பொம்மைய நிறுத்துனா ஒரு நைட்டியாவது மாட்டலாம்," என்பாள் மனைவி. கோபமாகச் சொல்லமாட்டாள். இடநெருக்கடியைச் சொல்வதுபோல்தான் சொல்வாள்.

தைத்ததில் பாதியை ஒரு கேரளத்து வியாபாரி எடுத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் வடக்கேயிருந்து நேரடியாக இறக்க ஆரம்பித்துவிட்டார். மூட்டைகள் பரண் வரைக்கும் ஏறின. "தீபாவளிக்குள்ள இது போகலைன்னா ஷட்டர எறக்கிற வேண்டியதுதான்," என்றாள் ஒருநாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. பிற வீடுகளில் இப்படிப்பட்ட செய்திக்கு அழுகை இருக்கும். இவள் அடுத்த கைக்கு ஓரம் அடிக்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. நான் வீடியோ போடுகிறேன் என்றேன்.

முதல் பத்து வீடியோவில் கரிசல் மண்ணில் ஆரம்பித்துப் பருத்தியின் சரித்திரம் சொன்னேன். அவற்றை உலகில் ஒன்பது பேர் பார்த்தார்கள். அதில் நான்கு தடவை நான். போனைப் பிடித்து எடுத்துக் கொடுத்த தையல்கார அக்காவிடம் அபிப்பிராயம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. காலையில ரேடியோல வருமே, அது மாதிரி. நான் அப்பத்தான் குளிக்கப் போவேன்."

பதினோராவது வீடியோ, மெரூன் கலர் நைட்டிக்காக. அந்தத் துணிக்குப் புது இடத்தில் சாயம் போட்டிருந்தாள் மனைவி. சொல்ல வேண்டியதை அவளே வரிசையாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். முழுக் காட்டன். பக்கவாட்டில் செல்போன் வைக்கப் பை. சாயம் நிற்கும், ஆனால் முதல் தடவை மட்டும் தனியாக உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு அலச வேண்டும்.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது, உப்புத் தண்ணி வந்த இடத்தில் மட்டும் வாக்கியம் கால் இடறி விழுகிறது. நாற்பது வருஷமாக நல்ல உரைநடை படித்தவன் இதைப் பொறுப்பானா? அந்த வரியை அடித்தேன். அடித்த இடத்தில் கேமரா முன்னால் தானாகவே ஒன்று வந்து விழுந்தது. "சாயம் போகவே போகாது. போச்சுன்னா கொண்டாங்க, கடையவே எழுதித் தாரேன்."

எங்கள் பக்கத்தில் இது வாய்வழக்கு. மீசையை எடுக்கிறேன், சொத்தை எழுதுகிறேன் என்று டீக்கடையில் தினம் நாலு பேர் சொல்வார்கள். மறுநாளும் அதே மீசை, அதே சொத்து. யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"உப்புத் தண்ணி சொன்னீகளா?" என்று மனைவி கேட்டாள்.

"கீழ எழுதிருக்கேன்," என்றேன். பொய்யில்லை. பதினாலு ஹேஷ்டேகுக்கு அப்புறம், தொட்டு விரித்தால்தான் தெரிகிற இடத்தில் எழுதியிருந்தேன்.

வீடியோ ஓரளவு போனது. சிவகாசி, சங்கரன்கோவில் என்று பக்கத்து ஊர்களிலிருந்து போன் வந்தது. ஒரே வாரத்தில் மெரூன் மூட்டை ஒன்று காலி. அந்த வாரம் ஸ்டூலுக்கே டீ வந்தது. என் மனைவி எனக்கு டீ வாங்கித் தருவது என் முதல் சம்பளத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் பதில் வீடியோ போட்டார். முகம் இல்லை. ஒரு பக்கெட், அதில் ரத்தம் மாதிரித் தண்ணீர். தண்ணீருக்குள்ளிருந்து மெதுவாக ஒரு வேட்டி வெளியே வருகிறது, ரோஸ் நிறத்தில். பின்னணியில் என் குரல்: "கடையவே எழுதித் தாரேன்."

அது போன வேகத்தில் என் பருத்திச் சரித்திரம் போயிருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள். டீச்சரின் பக்கெட்டோடும் நிற்கவில்லை. என் குரலைத் தனியாக வெட்டி எடுத்து, தோற்ற கிரிக்கெட் அணிக்கு, நிற்காமல் போகிற பஸ்ஸுக்கு, புளித்த மாவுக்கு என்று எல்லாவற்றுக்கும் போட்டார்கள். ராணுவத்தில் இருக்கும் மைத்துனன் எல்லையிலிருந்து கூப்பிட்டான். "அத்தான், எங்க யூனிட்ல பஞ்சாபிக்காரன்கூட இதத்தான் சொல்லுதான். அர்த்தம் தெரியாது அவனுக்கு. அம்புட்டு சுத்தமா சொல்லுதான்."

டீச்சரிடம் கேட்டு அந்த வீடியோவை அழிக்கச் சொல்லலாம் என்று ஒரு புது நைட்டியும் ஒரு வேட்டியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த டீச்சர் என் குரலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

"உக்காருங்கண்ணே. நான் எங்க சொந்தக்காரங்க பாக்கட்டும்னு வெளையாட்டாப் போட்டது. இப்படிப் போகும்னு நெனைக்கல. இப்பமே எடுத்துருதேன்." என் கண்முன்னாலேயே அழித்தார். அழித்து என்ன? ஊர் பூராவும் பிரதி இருந்தது.

வீட்டுக்காரர் போலீஸ். உள்ளேயிருந்து அந்த ரோஸ் வேட்டியையே கட்டிக்கொண்டு வந்தார். "ஸ்டேஷன்ல என் பேரே போச்சு சார். ரோஸ் வேட்டின்னுதான் கூப்பிடுதாங்க," என்றவர் என் தோளில் கைபோட்டு ஒரு செல்ஃபி எடுத்தார். "ஒரு தடவ சொல்லிருங்க சார், நேர்ல." சொன்னேன். கைதி வாக்குமூலம் கொடுக்கிற தொனியில் வந்தது.

"உப்புத் தண்ணியில போடணும்னு கீழ எழுதிருந்தேன்மா," என்றேன் டீச்சரிடம்.

"அதெல்லாம் யாருண்ணே படிக்கா?" என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் சொல்கிறார். நான் வாழ்நாளெல்லாம் எழுத்தை நம்பியவன்.

திரும்பி வந்து இன்னொரு வீடியோ போட்டேன். அரை மணி நேரம் ஊறப்போடுவதை முறையாக, பொறுமையாக, கல் உப்பைக் கையில் அள்ளிக் காட்டி விளக்கினேன். அதைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை பழைய ஒன்பதைத் தாண்டவில்லை.

கடைக்குக் கூட்டம் வந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. வந்தவர்கள் கடைப் பலகையோடு படம் எடுத்தார்கள். "எழுதித் தாரேன்னது அவியதானா?" என்று ஸ்டூலைக் காட்டிக் கேட்டார்கள். "பத்திரம் ரெடியா அண்ணாச்சி?" என்று கேட்காதவர் இல்லை. சிலர் எங்கேயோ வாங்கிய பழைய நைட்டியையெல்லாம் கொண்டுவந்து கடையைக் கேட்டார்கள். மனைவி ஒவ்வொருவர் முன்னாலும் துணியை எடுத்து விரித்துப் போட்டாள். கூட வந்த பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். துணி பிடித்துத்தான் இருந்தது. "எம்புட்டு?" என்று கேட்டுவிட்டு, விலையும் பிடித்து, கடைசியில் ஒருத்தி கூச்சத்தோடு சொல்வாள். "சாயம் போயிருமேக்கா."

மெரூனில்தான் அந்தக் குறை. மற்ற கலர் எல்லாம் பதினோரு வருஷமாக நின்ற சாயம். இதை என் மனைவி யாரிடமும் விளக்கவில்லை. ஒரு தடவை மட்டும், செத்த நேரம் கடையில் ஆள் இல்லாதபோது, என்னைப் பார்த்து, "ஒத்த வரி. அத எதுக்குங்க வெட்டுனீக?" என்று கேட்டாள்.

வாக்கியத்தின் ஓட்டம் கெட்டது என்று சொல்வதற்குப் பதில், விரித்துக் கிடந்த நைட்டிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

தீபாவளி முடிந்த மறுவாரம் ஷட்டரை ஒப்படைத்தோம். இப்போது அங்கே செல்போன் கடை. மிஷின்களில் இரண்டைத் தையல்கார அக்காமார் எடுத்துக்கொண்டார்கள். மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளினோம், மெரூனை மட்டும் யாரும் தூக்கவில்லை. போன மாதத்திலிருந்து மனைவி ஒரு நைட்டிக் கம்பெனிக்குத் தைக்கப் போகிறாள். காலையில் வேன் வருகிறது. சாயங்காலம் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். சமையல் இப்போது நான்தான். முதல் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, சேரும்போது என்ன கேட்டார்கள் என்றேன்.

"தைக்கத் தெரியுமான்னாக. தெரியும்னேன்."

"வெட்டவும் தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே. பதினோரு வருஷம் கடை வச்சிருந்தேன்னு சொல்லிருந்தா கட்டிங்ல போட்டிருப்பாங்களே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சொன்னா, எந்தக் கடைன்னு கேப்பாகள்ல."