சாய்ந்த குடையும் தேவகி அக்காவின் பெட்டியும்

தேவகி அக்கா இறந்துபோன செய்தி ஒரு பிளக் பாயின்ட்டைப் பற்றிய பேச்சாகத்தான் எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் கிளம்ப ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி முரளி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். காய்ச்சலில் இருந்த அக்காவோடு ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவர் அவர். உள்ளே வரவில்லை. "அந்தப் பெட்டிய கொஞ்சம் அணைச்சிக் குடும்மா. ஐஸ் பெட்டி வருது. அங்க பிளக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

எதற்கு ஐஸ் பெட்டி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

பக்கத்து வீடுதான். ஒரு கையில் ரிப்பன் தொங்க அப்படியே போனேன். அக்காவின் வேலை அறையில் பெட்டி வழக்கம்போல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று பிளக்கைப் பிடுங்கக் கூடாது, பொத்தானை அழுத்திவிட்டு அது தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அக்காவுக்குச் சொன்னது நான். அன்றைக்கும் காத்திருந்தேன். வெளியே ஆட்கள் மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். "ஆச்சாம்மா?" என்று முரளி அண்ணன் இரண்டு தரம் கேட்டார். விளக்கு அணைந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் அக்காவிடம் டிசைன் வாங்கியவர்கள். புடவையின் பார்டரும் முந்தானையும் தறிக்கு ஏறுவதற்கு முன்னால் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் கட்டம் கட்டமாகப் பிறந்தன. அவை எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தது அந்தப் பெட்டி. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் கடையில் அதை நாஸ் என்பார்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஃபோல்டர் உண்டு, அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு. உங்கள் போனிலிருந்தே உங்கள் டிசைனை எடுத்துக்கொள்வீர்கள். அக்கா அதற்குப் பெட்டி என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கடைசியாக நம் தெருவில் பேசப்பட்டது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டு டிசைனை இன்னொரு வீட்டுக்கு விற்றார் என்பது. அது பொய். அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை எழுதச் சொன்ன முரளி அண்ணன் நாலு நல்ல வார்த்தைதான் கேட்டார். பக்கத்துக் கூடத்தில் அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்ல வார்த்தைகள். அவையும் உண்மைதான்.

அக்காவின் மேசை மேல் எப்போதும் ஒரு பழைய ஈரிழைத் துண்டு மடித்திருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கையே தானாகப் போய்த் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையின் மேல் போட்டுவிடும். வந்தவர் யார் என்று அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் வந்தது காபி கொண்டுவந்த அவருடைய அம்மா. அதற்கும் துண்டு விழுந்தது. "பெத்தவளுக்குமா மூடுவ?" என்று அவர் முறைத்தார். "நீதான் கோயிலுக்குப் போய் எல்லார் கிட்டயும் பேசிக்கினு இருக்கியே, உனக்குத்தான் மொதல்ல மூடணும்" என்றார் அக்கா. பிறகு என்னிடம் சிரிக்காமல் சொன்னார்: "ஒரு வூட்டு டிசைனு இன்னொரு வூட்டுக் கண்ணுல படக் கூடாதுமா. மத்தது எல்லாம் அப்பறம்."

நான் எப்படி அந்த அறைக்குள் வந்தேன் என்றால், எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பைப் பிரித்து மெமரி மாற்றினேன் என்று அம்மா மதில் மேல் சாய்ந்து பெருமை பேசியதால்தான். பெட்டி அப்போது அக்காவைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. மூடிவிட்ட ஒரு வீடியோ ஸ்டூடியோவிடமிருந்து வாங்கிய பழைய பெட்டி அது. இருந்தது ஒரே ஒரு ஜிபி மெமரி. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் டிசைன் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அதன் ஆபரேட்டிங் சிஸ்டமும் பழசாகி, புதுப் போன் வாங்கியவர்கள் யாருக்கும் திறக்கவில்லை. புதுசு வாங்கிவிடலாமே என்றேன். "பழகிட்ட மாட்ட விக்கச் சொல்றியா" என்றார்.

முதலில் எல்லா டிசைன்களையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாலேயே பெட்டியின் திருகாணியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அக்காவின் ஒரே நிபந்தனை. மூடியை எடுத்ததும் நான் பயந்துபோனேன். மெமரி செருகியிருந்த பள்ளத்தில் ரத்தம் மாதிரி சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அக்கா பெட்டியின் தலையில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார். அது உதிர்ந்து காற்று போகிற துளை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே பட்டு இழைத் தூசு வேறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா எட்டிப் பார்த்தார். "வெளிய வெச்ச பொட்டு மூள வரைக்கும் போயிருக்குது பாரு. அதான் இத்தினி வருஷம் ஓடுச்சி" என்றார். அதோடு விடவில்லை. துடைத்து முடித்த பிறகு, இனிமேல் எந்தப் பக்கம் வைத்தால் உள்ளே போகாது என்று கேட்டுக்கொண்டார்.

உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் பழைய மெமரியை உருவினேன். நாலு ஜிபியைச் செருகினேன். பெட்டி ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு ஒரு பீப். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே எடுத்த பழைய மெமரியை என் உள்ளங்கையில் வைத்து, "எம் பெட்டியோட பழைய மூள. நீயே வெச்சிக்கோ, டாக்டரம்மா" என்றார். அன்று முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டார். வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சிக்கல் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறிய பிறகு வந்தது. டிசைன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் யாருக்கு எந்த ஃபோல்டர் என்கிற பழைய கணக்கு வரவில்லை. ஒவ்வொரு பேராகப் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டராகப் பூட்ட வேண்டும். பாதியில் ஒருவர் போன் செய்து, டிசைன் வராமல் தறி நிற்கிறது என்று சத்தம் போட்டார். அக்கா அவரைச் சமாதானம் செய்துகொண்டே வாசலுக்குப் போனார். அந்தச் சமயத்தில் நான் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன். எல்லா ஃபோல்டருக்கும் மேலே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் குறி போட்டால், பாஸ்வேர்டு வைத்திருக்கிற எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். போட்டேன். உடனே எல்லாருக்கும் திறந்தது. அக்கா திரும்பி வந்து, "ஆயிடுச்சா?" என்றார். "ஆயிடுச்சிக்கா" என்றேன்.

சாயந்திரம் வந்து ஒவ்வொன்றாகப் பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயந்திரம் ட்யூஷன். அதற்கு மறுநாள் ஞாபகம் வந்தது, பரீட்சை முடியட்டும் என்று விட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். நான் மறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அக்கா ஐயம்பேட்டை குமரேசன் அண்ணனுக்காகச் சாய்ந்த குடை பார்டரைப் போட்டு முடித்திருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். கருட சேவைக் கூட்டத்தில் அவரும் நின்றிருந்தார். தெருவில் கரண்ட் கம்பி தாழ்ந்திருந்த இடத்தில் குடை பிடித்தவர்கள் குடையைச் சாய்த்து, கம்பியைத் தாண்டியதும் நிமிர்த்தினார்கள். "எல்லாரும் பெருமாளப் பாத்து கை எடுத்தாங்க. நா குடையவே பாத்துக்கினு நின்னேன். பாவந்தான், இன்னா பண்றது" என்றார். பார்டர் முழுக்க ஒரு குடை நேராக, அடுத்தது சாய்ந்து, அடுத்தது நேராக என்று ஓடும். தூரத்தில் பார்த்தால் குடைகள் நடப்பது மாதிரி இருக்கும். அந்தப் பார்டரைப் போடும்போது மட்டும் நான் வந்தாலும் துண்டு விழுந்தது. முடிந்த பிறகுதான் துண்டை விலக்கி ஒரு தரம் காட்டினார்.

ஆகவே எங்கள் வீட்டுத் தறியில் அந்தக் குடை ஏறியபோது எனக்கு அடையாளம் தெரிந்தது.

அப்பாவுக்கும் பெட்டியில் ஒரு பாஸ்வேர்டு உண்டு. டிசைனைத் தறிக்கு ஏற்றுகிற அட்டையை அவர் வேறு ஊரில் குத்தி வாங்கி வந்திருந்தார். பள்ளிவிட்டு வந்து பையைக் கழற்றினேன். தறியில் ஒரு ஜாண் நெய்திருந்தது. நேரான குடை, சாய்ந்த குடை. நான் பார்ப்பதை அப்பாவும் பார்த்தார். "பெட்டியில எல்லாம் தெறந்து இருந்துச்சி. பாத்தேன், நல்லா இருந்துச்சி" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி இருந்தது. அன்று சாயந்திரமே அக்கா வீட்டுக்குப் போய், பரீட்சைக்கு ஏதோ பார்க்க வேண்டும் என்று சொல்லி, எல்லா ஃபோல்டரையும் பூட்டினேன். அக்கா எனக்கு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தார்.

குமரேசன் அண்ணன் தன் புடவையை நெய்து தறியிலிருந்து அறுப்பதற்கு முன்னால், அதே பார்டர் போட்ட புடவை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. யார் நெய்தது என்று கடைக்காரர் சொல்லவில்லை. அவர் நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரே சுவர். "உன்னத் தவுர யாரு கிட்ட இருந்துச்சி அது? எவ்ளோக்கு வித்த, அத்த மட்டும் சொல்லு" என்பது எங்கள் சமையலறைவரை கேட்டது. அம்மா மிக்ஸியை ஓடவிட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். திட்டுவதற்கு இல்லை. குரலில் கெஞ்சல் மாதிரி ஒன்று இருந்தது.

"நாம மாத்தனப்ப எல்லாம் பழையபடி பூட்டித்தான இருந்துச்சி?"

"பூட்டித்தான்க்கா இருந்துச்சி."

"அப்பன்னா எங்கிட்டதான் தப்பு. நாந்தான் எங்கியோ தப்பா அனுப்பியிருக்கேன்."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசினால் அடுத்த கேள்வி, திறந்திருந்த பெட்டியிலிருந்து எடுத்தது யார் என்பதாகத்தான் இருக்கும். "சரி வுடு. சாப்ட்டியா?" என்றார் அக்கா.

அதன் பிறகு எப்போது போனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பிய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கு அனுப்பினேன், எப்போது அனுப்பினேன் என்று. அனுப்பாத ஒன்றைத் தேடினார். உங்களில் பலர் பென்டிரைவ் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். டிசைன்களைக் கொடுத்துவிடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றீர்கள். அக்கா ஒருவரிடமும் வாதாடவில்லை. மோர் கொடுத்து, நகல் எடுத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பினார். அப்போதும் அடுத்தவர் செருப்புச் சத்தம் கேட்டால் திரை மேல் துண்டு விழுந்தது. அவர் எதையும் மறைத்துக் காப்பார் என்று யாரும் நம்பாதபோதும் மூடினார்.

காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எனக்குத் தெரியும். கொசுக்காய்ச்சல் யாருக்கு வேண்டுமானாலும் வரும். இருந்தாலும் படுக்கையில் இருந்தபோது அவர் அதையே யோசித்திருப்பார், தன்னிடமே தப்பைத் தேடியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவை எடுத்த அன்றைக்குக் குமரேசன் அண்ணன் தெருமுனைவரை வந்து, வண்டியிலிருந்து இறங்காமல் திரும்பிப் போனார். அப்பா பெரிய ரோஜா மாலை வாங்கிவந்து போட்டார். எல்லாரும் போன பிறகும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவங்க போயிட்டாங்கமா. இனிமே பேசி இன்னா ஆவப் போவுது. நம்ம வூட்டுத் தறி ஓடணும்" என்றார். அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்கிற அப்பாவாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நாளைக்கு இதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குத்தான் பயமாக இருக்கிறது.

நாளை காரியம். பெட்டியை மறுபடி ஓடவிட்டு, அக்காவின் போட்டோக்களை அதில் ஒரு ஃபோல்டரில் போட்டு, எல்லாரும் போனில் பார்க்கிற மாதிரி வைத்து, கூடவே நாலு வரி எழுதச் சொன்னார் முரளி அண்ணன். "அதப் பத்தி உனக்குத்தாம்மா தெரியும்" என்றார். அது நிஜம்.

குமரேசன் அண்ணா, உங்கள் குடையை அக்கா விற்கவில்லை. யாருக்கும் தப்பாக அனுப்பவும் இல்லை. பெட்டியைத் திறந்து போட்டவள் நான். எடுத்து நெய்தது எங்கள் வீட்டுத் தறி. அக்கா கேட்டபோது பொய் சொன்னதும் நான். பென்டிரைவ் கொண்டுவந்த எல்லாருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

அக்கா கொடுத்த பழைய மெமரி என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எத்தனை துடைத்தும் அதன் பல்லிடுக்கில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கிறது. அதையும், செருப்புச் சத்தம் கேட்டதும் துண்டுக்குப் போகிற அந்தக் கையையும்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டோக்கள் ஏறிவிட்டன. இதையும் அவற்றோடு போட்டுவிட்டேன். இந்த ஒரு ஃபோல்டருக்கு மேலேயும் அதே மாதிரி ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அன்றைக்கு அவசரத்தில் குறி போட்டேன். இப்போது ஒரு தரம் முழுக்கப் படித்துவிட்டுப் போடுகிறேன்.