மரியாதைக்கு விட்ட சர்வீஸ்

குரோம்பேட்டையில் எங்கள் காலனி பேட்மின்டன் போட்டியைத் தொடங்கி வைக்க வந்த அந்த அம்மாள், ஒரு காலத்தில் இந்தியாவுக்காக ஆடியவர். நரைத்த கிராப்புத் தலை, வலது முழங்காலில் நீளமான ஆபரேஷன் தழும்பு. சர்வீஸ் போடுமுன் பந்தின் இறகுகளை விரலால் ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் போடும் முதல் சர்வீஸை எதிரே நிற்பவர் தொடாமல் விட வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். இது எங்கள் வழக்கம். நானும் விட்டேன். கைதட்டினார்கள். அவர் மட்டும் கோர்ட்டை விட்டு நகரவில்லை.

“ஏன் சார் விட்டீங்க?”

“ஒரு மரியாதைக்குத்தான் மேடம்.”

“மரியாதைன்னா திருப்பி அடிங்க. எனக்கு முட்டிதான் போச்சு, ஆட்டம் போகல.”

செயலாளர் பொன்னாடையோடு ஓடிவந்தார்.

“அதை அந்தச் சேருக்கே போர்த்துங்க சார். நான் உக்கார வரல.”

இருபத்தொரு பாயின்ட் ஆட்டம். அவர் நடுவிலேயே நின்றார். நான்தான் மூலைக்கு மூலை ஓடினேன். மூன்றே மூன்று பாயின்ட் எடுத்தேன்.

அலமாரியில் எனக்கு நாலைந்து கோப்பைகள் இருக்கின்றன. ஆனால் யாராவது கேட்டால் அந்த மூன்று பாயின்டைத்தான் சொல்கிறேன். அவை மரியாதைக்கு விட்டவை அல்ல.