மழைக்குப் பிறந்த அணி

எங்கள் கால்பந்துக் கிளப்பைத் தொடங்கி வைத்தது மழை. வெயில் இல்லாவிட்டால் பட்டாசு காயாது. மழை நாளில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடையாது. குத்தகைக்கு எடுத்ததுபோல் எங்கள் ஊர் மைதானத்தை வளைத்து வைத்திருந்த கிரிக்கெட்காரர்களும் அன்றைக்குத்தான் ஒழிவார்கள். ஆகவே நாங்கள் பதினோரு பேரும் சேற்றில் மட்டுமே ஆடிப் பழகினோம். எப்போதாவது மழை பெய்கிற ஊரில் இதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கூச்சமில்லை.

முதல் போட்டி சாத்தூரில், சுள்ளென்ற வெயிலில். எதிரணி ஓங்கி உதைத்த பந்து காய்ந்த தரையில் பட்டு எழும்பி, எங்கள் கோல்கீப்பரின் தலையைத் தாண்டி வலைக்குள் விழுந்தது. அவன் நேராக நடுவரிடம் போனான்.

“அண்ணாச்சி, இந்தப் பந்து தரையில பட்டா குதிக்குது. வேற பந்து குடுங்க.”

நடுவர் என்னைப் பார்த்தார். கேப்டன் என்ற முறையில், நானும் அதையேதான் சொன்னேன்.