விண்கப்பலின் ஆறாவது கதிரை

அன்றைக்குத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: முருங்கனில் இருந்து பஸ் ஏறி வந்து நாடகம் பழக்கிய ரீச்சர், நடித்த ஐந்து இளைஞர்கள், சலூனில் கழித்துவிட்ட கதிரையை இரவல் தந்த கடைக்காரர், என் மனைவியின் தம்பியான மச்சான், அவருடைய படகில் தொழிலுக்குப் போகும் நால்வர், பிறகு நான். இவர்களைவிட, ஞாயிறு பூசை முடிந்து அப்படியே வந்து குந்திய சனம் அறுபத்தெட்டுப் பேர். அவர்கள் குந்தியிருந்த பலகை வாங்குகள் தாங்குமோ என்ற யோசனையில் இரண்டு தரம் எண்ணினேன்.

மேடையில் நின்ற விண்கப்பலின் கட்டளை அறை நான் செய்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு விண்கப்பலைப் பற்றி என்ன தெரியும்? அரிப்புக் கிராமத்தில் உடைந்த படகுகளுக்குப் பைபர் ஒட்டுகிறவன் என்று யாரோ சொல்லி, ரீச்சர் ஒரு கொப்பித் தாளோடு என்னைத் தேடி வந்தார். மனைவி இறந்து மூன்று வருடம். வீட்டுக்கு ஆள் வருவது அருமை. அவர் கேட்டு முடிக்க முதலே ஓம் என்றுவிட்டேன்.

தாளில் அறையை மேலிருந்து பார்ப்பதுபோலக் கீறியிருந்தார். முன்கண்ணாடி. அதை ஒட்டி நடுவில் கப்பல்தலைவரின் கதிரை. அவருக்குப் பின்னால் சுக்கான்காரர், வழி பார்ப்பவர், வானொலிக்காரர், எஞ்சின்காரர். மொத்தம் ஐந்து கதிரை.

அந்தத் தாளை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் முன்னுக்கு இருந்தால் பின்னால் இருக்கிற நாலு பேரையும் யார் பார்ப்பது? எங்கள் படகில் எஞ்சின் பிடிக்கிறவர்தான் பெரியவர். அவருடைய இடம் கடைசியில். எல்லாரும் அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பார்கள். ஒருவன் தவறி விழுந்தாலும் அவருக்குத் தெரியும். ரீச்சர் கடல் பழகாதவர், மாறிக் கீறிவிட்டார் என்று முடிவுகட்டினேன். கேட்டால் வெட்கப்படுவாரே என்று, கேட்காமல் நானே திருத்திவிட்டேன்.

முன்கண்ணாடி என்பது சனத்தைப் பார்த்தபடி ஒரு வெறும் மரச்சட்டம். அதன் பின்னால் இடப்பக்கம் சுக்கான், வலப்பக்கம் வழி பார்ப்பவரின் மேசை. இன்னும் பின்னால், ஒரு கரையில் வானொலி, மறு கரையில் எஞ்சின். மீன் பெட்டியின் நுரையட்டையான ரெஜிபோமைக் கறுப்பாக அடித்து, சோடா மூடிகளை அமுக்கும் ஆளிகளாக ஒட்டி, கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குப் போடும் மினுங்கு விளக்குகளை உள்ளே விட்டேன். இரண்டு பக்கச் சுவரும் நீலத் தறப்பாள். அதில் ஆணியால் குத்திய ஓட்டைகள்தான் நட்சத்திரங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் இரண்டடி உயரத் தட்டு, அதன் மேல் தலைவருக்குச் சலூன் கதிரை. மிதித்தால் உயரும், தள்ளினால் சுழலும்.

அந்தத் தட்டின் இடப்பக்கத்தில், தாழ்வாக, ஆறாவதாக ஒரு கதிரை வைத்தேன். அது தாளில் இல்லை.

மச்சானின் படகில் பதினொரு வருடம் அதே இடத்தில்தான் நான் இருந்தேன். படகின் அடியில், கரையில் நிற்கும்போது தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். கடலில் இறக்க முதல் அதைத் தக்கையால் இறுக்க வேண்டும். அதை இறுக்குவது, பெற்றோல் பார்ப்பது, குடிதண்ணீர் பார்ப்பது எல்லாம் நான். இறுக்கியது எனக்குத் தெரியும். ஆனால் கரை மறைந்த பிறகு, இறுக்கினேனா என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கையால் தடவிப் பார்த்தாலும் அடங்காது. ஒரு மாதத்தில் மூன்று தரம் படகைத் திருப்பச் செய்தேன். மூன்று தரமும் தக்கை இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மச்சான் விடியற்காலையில் தொழிலுக்குக் கூப்பிட என் வீட்டுப் படலையில் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

கட்டளை அறையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவர அவரைத்தான் கேட்டேன். வேறு ஆட்களும் இருந்தார்கள். அந்த ஆறாவது கதிரையை அவர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்னைத் திரும்பவும் படகுக்குக் கூப்பிட வேண்டும். அதுதான் என் எண்ணம்.

மேடையைப் பார்த்ததும் ரீச்சர் இடுப்பில் கையை வைத்தார்.

"அண்ணை, தலைவர் ஏன் பின்னுக்குப் போனவர்? நான் முன்னுக்கெல்லோ கீறினனான்."

மச்சான் எனக்கு முந்தினார். "முன்னுக்கு இருந்தா அவர் கடலைத்தான் பாப்பார், ரீச்சர். பின்னுக்கு இருந்தாத்தான் ஆக்களைப் பாப்பார்."

"இது கடல் இல்லையே."

"விழுந்தா ரெண்டும் ஒண்டுதான்."

சலூன்காரர் தட்டில் ஏறிக் கதிரையை மிதித்து உயர்த்திக் காட்டினார். "உயரத்தில இருந்தாச் சனத்துக்கும் தெரியும். தலைவருக்கு இடையில முடி வளந்தா நான் வந்து வெட்டியும் விடலாம்."

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆறாவது கதிரையைக் கண்டார். "இது ஆருக்கு?"

"காத்து, தண்ணி, எண்ணெய், தக்கை. இதுகளைப் பாக்கிற ஆளுக்கு."

"அதெல்லாம் கம்பியூட்டர் பாக்கும் அண்ணை."

"கம்பியூட்டர் சரியோ எண்டு ஆர் பாக்கிறது?"

"அதுக்கும் அண்ணையைத்தான் விடவேணும்," என்றான் மச்சானின் படகுக்காரன் ஒருவன். மற்ற மூவரும் விழுந்து சிரித்தார்கள். கதிரையில் கயிறு போட்டுத் தொங்கிய தகர ரின்னை ரீச்சர் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"தண்ணி அள்ள."

"ஆகாயத்தில தண்ணி எங்கால வரும்?"

"எங்கால வந்தாலும் அள்ளத்தானே வேணும், ரீச்சர்."

அவர் யோசித்துவிட்டு, "அப்ப நீங்களே இருங்கோ," என்றார். "வெறுங்கதிரையாக் கிடந்தா வடிவில்லை. எல்லாம் சரியோ எண்டு தலைவர் கேட்டா, சரி எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நாடகம் தொடங்கியது. யன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்ததால் தறப்பாள் நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிந்தன. கப்பல் பூமியை விட்டுக் கிளம்ப வேண்டும். தலைவர் மேலிருந்து கேட்டார்: "எல்லாம் சரியோ?"

"காத்து சரி," என்றேன். "தண்ணி சரி. எண்ணெய் சரி."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சலூன் கதிரையின் அடியில் நாலு ஆணிப்பூட்டு. நான்காவதை இறுக்கினேனா? பொடியன் இரண்டடி உயரத்தில் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது.

"தக்கையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்று எழும்பி, தட்டின் பின்னால் போய், குனிந்து தடவினேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிலர் கை தட்டினார்கள். அவ்வளவு சத்தத்திலும் மச்சானின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

நான்காவது பூட்டு இறுக்கமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் சனம் வந்து கையைப் பிடித்தது. நான் நல்லாய் நடித்தேனாம். கதிரைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மச்சான் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அத்தான், நீங்கள் நடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"நாளைக்குக் கடலுக்கு எத்தினை மணிக்கு இறங்கிறியள்?" என்று கேட்டேன்.

அவர் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தார். "மேடை தாழாது அத்தான். அதிலயே உங்களுக்குப் பொறுக்கேல்லை. பொடியளுக்கும் உங்களோட வரப் பயமாம். பயப்படுறவரைக் கண்டுதான் பயமாம். குறை நினையாதேங்கோ."

நான் குறை நினைக்கவில்லை. சலூன் கதிரை கடைக்குத் திரும்பிப் போனது. மற்றதெல்லாம் என் முற்றத்து மாட்டுக் கொட்டிலுக்குள் கிடக்கிறது. ஆறாவது கதிரையை மட்டும் வெளியே எடுத்துப் படலைப் பக்கம் பார்க்கப் போட்டிருக்கிறேன்.

பலகைக்கும் பூச்சு மைக்கும் சேர்த்துப் பதினோராயிரத்து ஐந்நூறு ஆனது. ரீச்சர் ஐயாயிரம் தந்தார். மிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி என் வீட்டு வழியை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். அவருடைய ரெலிபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. எடுத்துக் கேட்டால், வீட்டுக்கு வராமல் காசைச் சலூன்காரரிடம் கொடுத்துவிடுவாரோ என்று எடுக்காமல் இருக்கிறேன். இன்னும் வரவேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா.