பாதிச் சவரத்தில் ஒரு புத்திமதி

சமுதாயச் சீர்திருத்த அதிகாரியாக நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. குடித்துவிட்டு அடிதடியில் இறங்கிய செல்வராஜைச் சிறைக்கு அனுப்புவதா, சமூக சேவையில் ஈடுபடுத்துவதா என்று நீதிமன்றம் என் அறிக்கையைக் கேட்டிருந்தது. அவரைத் தேடி டயகம தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் ஓரறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரு லயத்துக்குப் போனேன்.

வாசலில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பார்த்ததும் தொடங்கிவிட்டேன். குடியால் ஈரல் கெடும், குடும்பம் கெடும் என்று அரை மணி நேரம் பேசினேன். பாதி முகத்தில் நுரை காய, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனிக் குடிக்க மாட்டீங்கதானே, செல்வராஜ்?"

"நான் குடிக்கிறதே இல்லீங்க மிஸ். நான் மரியநாதன். செல்வராஜ் பக்கத்து காம்பரா."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல?"

"நல்லா பேசிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. "எனக்கு எல்லாம் கேட்டுச்சிங்க மிஸ். இப்ப நான் சொல்றதயும் கொஞ்சம் கேக்குறீங்களா?"

விசாரிக்கப் போன நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செல்வராஜின் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்து கேட்டேன். செல்வராஜுக்குக் கொத்தனார் வேலை தெரியும் என்பதும் தெரியவந்தது. சிறைக்குப் போகாமல், சமூக சேவையாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் இடிந்த மதிலை அவரே கட்டிக்கொடுத்தார்.

இப்போதெல்லாம் எந்த லயத்துக்குப் போனாலும் நான் அதிகம் பேசுவதில்லை.