நாலு கார்னேஷன்

சுவிஸின் ஆராவ் ஸ்டேஷன் பூக்கடையில் இன்றைக்குக் கார்னேஷன் வாசம் அடித்ததும், எப்போதோ இடித்துவிட்ட அந்த அகதி விடுதி திரும்பி வந்தது: மிளகாய்த்தூளும் ஈரச் சப்பாத்தும் சேர்ந்து நாறுகிற நீண்ட கொரிடோர், பக்கத்து அறையில் கோப்பை உடைகிற சத்தம், பிறகு சுவரில் தலை மோதுகிற சத்தம், அது எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று அம்மா கூட்டிவைக்கிற ரேடியோ.

அந்த அறையில் பல்கேரியாக்காரி ருமியானா அன்ரியும் புருஷனும் இருந்தார்கள். அவர்களின் ஊரில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு இனிப்புக் கொடுக்கவேண்டுமாம். அதனால் ஒவ்வொரு வருஷமும் அன்ரி, உதடு வெடித்திருந்தாலும், சொக்கலேட் பெட்டியோடு கதவு கதவாக வருவா. நாங்கள் அவ பழக்கியபடி 'செஸ்தித் ரோஷ்தென் தென்' என்று வாழ்த்திவிட்டு ஆளுக்கொன்று எடுப்போம்.

ஒருமுறை அம்மா பதிலுக்கு நாலு கார்னேஷன் கொடுத்தா. பின்னால் நின்ற புருஷன் அதைப் பறித்து, தண்டு முறிய முறிய அன்ரியின் முகத்தில் அடித்தான்.

"இரட்டைப்படையாப் பூக் குடுக்கிறது எங்கட ஊரில செத்த ஆக்களுக்குத்தான். உங்களுக்குத் தெரியாதுதானே," என்று அன்ரி பிறகு அரைகுறை டொச் பாஷையில் அம்மாவைத் தேற்றினா. ஒன்றை எறிந்துவிட்டு மூன்றைக் கிளாஸில் வைத்தா.

அந்தப் பனிக்காலத்தில் அவன் அவவைப் படியால் தள்ளிக் கொன்றான்.

செத்தவீட்டன்று, பூக்கடைக்காரி அன்பாகச் சேர்த்துவைத்த ஐந்தாவது கார்னேஷனை அம்மா உருவித் திருப்பிக் கொடுத்தா.

"வேண்டாம். நாலுதான் வேணும்."